யாரும் இல்லை

"யாரும் இல்லை" என்பது மிகச் சின்ன வாக்கியம். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் குழந்தையை அனுப்பி அதைச் சொல்லச் சொல்லுகிறோம். அந்தப் பொய்யைப் பற்றி நீதி சொல்லுகிறவர்கள் வேண்டிய மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பொய் என்று தெரியாமலே, நல்ல எண்ணத்தோடு, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நான் சொன்ன ஒரு "யாரும் இல்லை"யைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

2023-ல் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்தில், என் மருமான் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மேடும் பள்ளமுமான ஊர். பழைய வீடுகள் மரக்கால்களின் மேல் ஏறி நிற்கும். வீட்டு வேலியை ஒட்டிக் கொஞ்சம் புல், அதன் நடுவே ஒடுக்கமான சிமெண்டுப் பாதை, மறுபடி புல், பிறகு தெரு. அந்தச் சிமெண்டுப் பாதைதான் நடைபாதை. எந்த வீட்டுக் காரும் அதைக் குறுக்கே கடந்துதான் தெருவுக்கு வர வேண்டும்.

மருமான் வீட்டில் உயிர்வேலி. முராயா என்று ஒரு செடி. நம் கறிவேப்பிலைக்கு ஒன்றுவிட்ட உறவு. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மாலையில் தெருவெல்லாம் மணக்கும். மருமானின் மனைவி அதை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்து வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை காய்கறி வாங்கப் புறப்பட்டோம். கார் வீட்டைப் பார்த்து நின்றது. பின்னோக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். மருமான் தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "மாமா, உங்க பக்கம் யாராவது வராங்களா?" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். வேலி முடிகிற இடத்தில் தெரிந்த பாதையில் ஒரு குருவிகூட இல்லை.

"யாரும் இல்லைப்பா, எடு" என்றேன்.

காரின் வால் வேலியைத் தாண்டியதும் உள்ளே ஏதோ ஒரு கருவி கீச்சென்று கத்தியது. மருமான் பிரேக்கை மிதித்தான். இடது பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் ஒடித்துத் திரும்பிப் புல்லில் போய் உருண்டான். அவன் ஏறி வந்த வண்டி, ஒரே ஒரு சக்கரம், கொஞ்ச தூரம் தானாக ஓடிச் சாய்ந்து, சுழன்று நின்றது.

பெரிய காயம் இல்லை. மணிக்கட்டில் கவசம் போட்டிருந்தான்; முழங்கையில் தோல் வழட்டியிருந்தது. அவன் மருமானிடம் மன்னிப்புக் கேட்டான். மருமான் அவனிடம் மன்னிப்புக் கேட்டான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த வண்டியை அதற்கு முன் நான் அருகில் பார்த்ததில்லை. சக்கரத்தின் இரு பக்கமும் நிற்பதற்கு இரண்டு மிதிபலகைகள், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. சக்கரத்துக்குள்ளேயே மின்சார மோட்டார். ஏறி நிற்கிறவன் முன்னால் சாய்ந்தால், உள்ளே இருக்கும் கருவி அந்தச் சாய்வை உணர்ந்து, அவன் விழுவதற்குள் சக்கரத்தை அவன் காலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விழாமல் இருப்பதற்காகவே ஓடுகிற வண்டி! நிறுத்த வேண்டுமானால் பின்னால் சாய வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு. மோட்டாரின் சக்திக்கு மிஞ்சினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். நடந்து போகிறவன் திடுக்கிட்டால் வைத்த காலோடு நின்றுவிடலாம். இவனால் அது முடியாது. வருகிற சத்தமும் நமக்குக் கேட்காது.

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர், "பறந்து வருகிறார்கள், பிடித்து அபராதம் போட வேண்டும்" என்றார். மருமானுக்குச் சட்டம் தெரியும். "வீட்டிலிருந்து வெளியே வர்ற கார்தான் மாமா, நடைபாதையில வர்றவங்களுக்கு வழி விடணும். சட்டப்படி தப்பு என்னோடதுதான்" என்றான். சிறிது நேரம் கழித்து, "ஆனா அவன் பன்னிரண்டுலதான் வந்தானான்னு யாருக்குத் தெரியும்?" என்றும் சொன்னான். அந்த மாகாணத்தில் இந்த மாதிரி வண்டிகள் நடைபாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்று முன்பு இருந்தது. 2022 நவம்பர் 1 முதல் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அதைத்தான் சொன்னான்.

இரவு தூக்கம் வராமல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். (கணக்கு எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பகை.) நான் திரும்பிப் பார்த்ததற்கும் காரின் வால் பாதையில் நீண்டதற்கும் நடுவே மூன்று விநாடி இருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவன் அதற்குள் நாலு மீட்டர் வருவான். 12 கிலோமீட்டரில் வருகிறவன் பத்து மீட்டர். 25-ல் வருகிறவன் இருபது மீட்டருக்கு மேல். வேலியைத் தாண்டி எனக்குத் தெரிந்த பாதையோ மூன்று மீட்டர்கூட இராது. அந்தப் பையன் சட்டப்படி வந்திருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்க முடியாது. என் கண் எழுபது வருஷமாக நடக்கிற மனிதர்களைப் பார்த்துப் பழகின கண். பாதையில் ஆள் இல்லை என்று கண்டால் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு இல்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டுவிட்டது.

நான் பார்த்தது உண்மை; சொன்னது உண்மையல்ல. "எனக்குத் தெரிகிற மூன்று மீட்டரில் யாரும் இல்லை" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அப்படிச் சொல்லியிருந்தால் மருமான் அங்குலம் அங்குலமாக எடுத்திருப்பான். பின்னோக்கி வரும் காரில் வால்தான் முதலில் பாதைக்கு வருகிறது. ஓட்டுகிறவனுடைய கண் வந்து சேரும்போது பாதி வண்டி பாதையை அடைத்துவிடுகிறது. வாலில் ஒரு காமிரா இருந்தது. ஆனால் வேலிகளுக்கு நடுவே இருக்கிற மட்டும் காமிராவும் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அவனுக்கு என் வாய்ச்சொல்தான் கண். அதை நான் அலட்சியமாகக் கொடுத்துவிட்டேன்.

"அவனும் வாசலுக்கு வாசல் நிதானித்து வந்திருக்கலாமே?" என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். வழி அவனுடையது, உரிமை உள்ளவனைப் பார்த்து நீ ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று கேட்பது, திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து ஏன் பூட்டவில்லை என்று கேட்கிற மாதிரி எனக்குப் பட்டது. பிறகு யோசித்தால் அது சரியான உவமை அல்ல. திருடன் திருடத்தான் வருகிறான். இங்கே இருவரும் நல்லவர்கள். நடுவில் ஒரு வேலி. வேலியைக் கண்டு வேகத்தைக் குறைப்பதால் அவன் உரிமையை விட்டுக்கொடுத்தவனாக மாட்டான். ஆனால் ஒன்று: கார்க்காரன் தப்புச் செய்தாலும் எலும்பு முறிவது அவனுக்கு, அவனே தப்புச் செய்தாலும் முறிவது அவனுக்குத்தான். காருக்குள் இருப்பவனுக்கு மிஞ்சிப்போனால் ஒரு கீறல், அதுவும் வண்டிக்கு. ஆகவே இருவருக்கும் சமபங்கு கவலை என்று பிரித்துக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. பெரும்பங்கு எங்கள் காருக்குத்தான்.

அதே பையனை நான் நடந்து போகும்போது சந்தித்திருந்தால் கதை வேறு. முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உரசிப் போனால் என் நெஞ்சு நின்றுவிடும். அங்கே அவன் கார். நான் ஒற்றைச் சக்கரம். நடக்கிறவர்களுக்கு அவன் வழி விட வேண்டும் என்றுதான் அந்த ஊர்ச் சட்டமும் சொன்னது.

மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே, மருமானின் மனைவி பெரிய கத்தரியைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். வாசலின் இரு பக்கமும் இரண்டு மீட்டருக்கு வேலி இடுப்பளவாகக் குறைந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. வெட்டுண்ட கொம்புகளிலிருந்து பூவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து மருமான் இரவிலேயே காரைப் பின்னோக்கி உள்ளே விட்டு, காலையில் முகம் முன்னால் வெளியே எடுத்தான். எனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது: காரில் ஏறுமுன் நடைபாதைக்குப் போய் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது.

பத்து நாள் கழித்து அப்படி நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பையன் வந்தான். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். நான் அவனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவன் காரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். மருமான் காருக்குள்ளிருந்து அவனைப் போகச் சொன்னான். மூவரும் அரை நிமிஷம் அப்படியே நின்றோம். நாய்க்குட்டியோடு பின்னால் வந்த ஓர் அம்மாள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நடுவே புகுந்து நடந்து போய்விட்டாள்.