நாளைக்கு எடுத்து வைப்பது

மாமரம் யாரையும் கேட்டுக்கொண்டு பழுப்பதில்லை. ஒரு மரத்தின் பழமெல்லாம் சில வாரங்களுக்குள் கனிந்து விழுந்துவிடும். எந்தக் குடும்பமும் அதைத் தின்று தீர்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுவதும் இப்படித்தான். மிஞ்சியதை அழுக விடுவதா, சர்க்கரை போட்டுக் காய்ச்சியோ வெயிலில் உலர்த்தியோ எடுத்து வைப்பதா என்று கேட்டால் எந்த வீட்டிலும் விடை தயாராக இருக்கும். ஆனால் பெரிய சமயங்கள் பலவும் இந்த இடத்தில் தயங்கியிருக்கின்றன. நாளைக்கென்று உணவை ஒதுக்கி வைப்பதை அவை எளிதில் நல்ல காரியம் என்று சொல்லிவிடவில்லை. துறவிக்கு அதை விலக்கின. இல்லறத்தானுக்கும் எச்சரிக்கையோடுதான் விட்டுக்கொடுத்தன. பழைய காலத்துக் கெடுபிடி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பேராசையை அடக்கவே இந்த விதிகள் வந்தன என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அது போதாது. அவற்றைக் கூர்ந்து படித்தால் அவை அஞ்சியது வேறொன்று என்று தெரிகிறது: எடுத்து வைத்தவனுக்கு மற்றவர்கள் தேவைப்படாமல் போய்விடுகிறார்கள்.

அதற்கு முன் ஒரு தத்துவ ஆட்சேபத்தைப் பார்த்துவிடலாம். தோன்றியதெல்லாம் மறையும், பழத்தைப் பாட்டிலில் அடைப்பது அந்த மறைவை ஒப்புக்கொள்ள மறுக்கும் நாக்கின் பிடிவாதம் என்பார்கள். அடுப்படியில் நடப்பதைக் கவனித்தால் இந்த வாதம் நிற்காது. மாம்பழக் கூழில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறும்போது முதலில் அது நீர்த்துப்போய்த் தெறிக்கும், புறங்கையைச் சுடும். நீர் வற்ற வற்றக் குமிழிகள் பெருத்து மெதுவாக வெடிக்கும். கரண்டி இழுத்த தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நிற்கும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 105 பாகை செல்சியஸ் வந்ததா என்று பார்ப்பார்கள். ஜாம் என்று பெயர் சொல்லி விற்பதில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. அவ்வளவு சர்க்கரை சேர்ந்தால் அது நீரைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்க நீர் கிடைப்பதில்லை. இத்தனையும் நடக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அது பழத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் மணம். பாட்டிலுக்குள் போவது அதை இழந்த பழம். நிறம் கறுக்கிறது, புளிப்பு மாறுகிறது, மூடியைத் திறந்த பிறகு அதற்கும் நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. காய்ச்சுகிறவர் பழத்தின் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மறு பங்குக்குத் தவணை வாங்குகிறார். நிலையாமையை மறுப்பவர் செய்யக்கூடிய வேலையாக இது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கேள்வி காலத்தைப் பற்றியதாக இல்லாமல் மனிதர்களைப் பற்றியதாக ஆகிறது. இதற்குப் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகம் தரும் சான்றைவிடத் தெளிவானதை நான் அறியேன். எடுத்து வைத்த உணவைப் பிக்கு உண்ணலாகாது என்ற விதி பிறந்த கதையில் வருபவர் பேலட்டசீசர். ஆனந்தருக்கு உபாத்தியாயராக இருந்த மூத்த பிக்கு, காட்டில் வாழ்ந்தவர். பிச்சையில் கிடைத்த சோற்றை அவர் உலர்த்தி வைத்துக்கொண்டார். பசிக்கும்போது தண்ணீரில் நனைத்து உண்டார். அதனால் ஊருக்குள் பிச்சைக்கு வருவது எப்போதோ ஒருமுறை என்றானது. இதில் பேராசை எங்கே இருக்கிறது? வெறும் சோறு, அதுவும் காய்ந்த சோறு. அவர் செய்ததை எளிமையின் உச்சம் என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் புத்தர் அதைத் தடுத்தார். பிக்கு ஆசைப்பட்டார் என்பது அங்கே குற்றமாக இருக்க முடியாது. காய்ந்த சோறு கைவசம் இருந்ததால் ஊரும் அவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. விதி காக்க வந்தது அந்த அவசியத்தை என்றே நான் படிக்கிறேன்.

விநயம் பொருளுக்குப் பொருள் காலத்தை அளந்தும் கொடுக்கிறது. பழம் நண்பகல் வரை. மாம்பழச் சாறு, நாவற்பழச் சாறு, வாழைப்பழச் சாறு போன்றவை மறுநாள் விடியும் வரை. மருந்தாகக் கருதப்பட்ட நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், சர்க்கரை ஆகியவை ஏழு நாள். நெல்லிக்காய், கடுக்காய், தான்றிக்காய் ஆகியவற்றை மருந்தாக ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். இவற்றைக் கலந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கிறார்கள்: குறைந்த ஆயுள் உள்ள பொருளின் காலமே கலவை முழுவதற்கும் பொருந்தும். மாம்பழத்தோடு சர்க்கரை சேர்ந்தால் சர்க்கரையின் ஏழு நாள் போய்விடும். நண்பகலோடு அது முடிந்தது. அடுப்பில் சர்க்கரை தன் ஆயுளைப் பழத்துக்குக் கொடுக்கிறது. விநயத்தில் பழம் தன் அற்பாயுளைச் சர்க்கரைக்குக் கொடுக்கிறது. பழத்தைப் பதப்படுத்தும் கலையை இவ்வளவு நேராகத் தலைகீழாக்கிய சட்டம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இந்தச் சட்டம் நடக்க வேண்டுமென்றால் ஊரில் யாரோ ஒருவர் எடுத்து வைத்திருக்க வேண்டும். பிக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வாழ்வதற்கு, வைத்திருக்கிற வீடுகள் இருந்தாக வேண்டும். பஞ்ச காலத்தில் பிச்சைப் பாத்திரத்தில் விழுவது இல்லறத்தானின் குதிரிலிருந்தும் பானையிலிருந்தும் வந்ததுதான். சேமிப்பைத் துறவிக்கு விலக்கிய அதே ஏற்பாடு அதை இல்லறத்தானின் கடமையாக்குகிறது, அவன் கதவு திறந்திருக்கிற வரைக்கும்.

பைபிளின் யாத்திராகமத்தில், பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து கிடைத்த உணவான மன்னாவின் கதையும் இதே பக்கம்தான் சாய்கிறது. மறுநாளைக்கென்று வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக வைத்தது கெடவில்லை. வருங்காலத் தலைமுறைகள் பார்க்கட்டும் என்று ஆரோன் ஒரு பாத்திரத்தில் வைத்த ஒரு ஓமர் அளவு மன்னாவும் காக்கப்பட்டது. ஒரே உணவு, ஒரே வெயில். யாருக்காக வைத்தது என்பது மட்டும் வேறு.

இங்கே அதே பைபிளில் வரும் யோசேப்பைக் காட்டி மறுப்பார்கள். ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, பஞ்சத்தில் எகிப்தையே காப்பாற்றினாரே, சேமிப்பு புனிதமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்பார்கள். அந்தக் கதையை அதன் முடிவு வரை படிக்க வேண்டும். ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில் அதே ஜனங்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள், பிறகு ஆடுமாடுகளை, கடைசியில் நிலத்தையும் தங்களையும். ஆசாரியர்களின் நிலம் தவிர எகிப்தின் நிலம் எல்லாம் பார்வோனுக்குப் போய்ச் சேர்கிறது. உயிர் பிழைத்தது உண்மை. களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருந்ததோ அவர்கள் ஆண்டைகள் ஆனார்கள் என்பதும் உண்மை. சேமிப்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அந்தக் கதை ஒரே விடை சொல்லவில்லை. அதனால்தான் அதை மதிக்கிறேன்.

களஞ்சியம் எங்கே, ஜாம் பாட்டில் எங்கே, இவ்வளவு பெரிய தராசு எதற்கு என்று கேட்கலாம். ஜாம் இல்லாமல் யாரும் சாகப்போவதில்லைதான். ஆனால் அதனாலேயே கேள்வி இங்கே கூர்மையாகிறது. நெல்லைப் பதுக்குகிறவன் பிள்ளைகளின் பசியைக் காரணம் காட்டலாம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பனம்பழக் களியை உலர்த்திச் செய்யும் பனாட்டுக்கும் மாம்பழ ஜாமுக்கும் அந்தச் சாக்கு கிடையாது. அவை ருசிக்காகவே வைக்கப்படுகின்றன. ருசியில்கூட அடுத்தவருக்கு இடம் விட்டு வைக்கிறானா என்று பார்த்தால் மனிதனை உள்ளபடி பார்த்துவிடலாம். பனாட்டை எடுத்துக்கொள்வோம்: பழத்தைப் பிசைந்து, தும்பை நீக்கி, களியை வடித்து, பாயில் மெழுகியதுபோல் பரப்பி, காய்ந்த பின் அதன்மேல் இன்னொரு படலம், பிறகு இன்னொன்று என்று நாள்கணக்கில் வெயிலுக்கும் மழைமேகத்துக்கும் நடுவே காக்க வேண்டும். தனியாள் செய்து முடிக்கிற வேலை இது அல்ல. பல கைகள் பிசைந்ததை ஒருவர் மட்டும் பெட்டியில் பூட்டுவது எளிதாக இருக்காது.

தமிழில் இந்தக் கேள்வியை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனது மணிமேகலை. அந்தக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கையில் இருந்தது, மதுரையில் சிந்தாதேவி என்ற தெய்வம் கொடுத்த அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். எந்த ஜாடியும் எந்தக் குதிரும் கனவு காணக்கூடிய நிலை அது: கெடாது, தீராது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் அவன் அதைக்கொண்டு ஊருக்குச் சோறு போட்டான். அவனிடம் கோபம் கொண்ட இந்திரன் அவனைத் தண்டித்த விதம் விசித்திரமானது. பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. பாண்டிய நாட்டில் நல்ல மழை பெய்ய வைத்தான். ஊர் செழித்தது, சோறு கேட்க ஆளில்லை, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது. பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறிய அவன் வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். தான் ஒருவன் மட்டும் பிழைக்க அந்தப் பாத்திரத்தைச் சுமப்பதில்லை என்று கோமுகிப் பொய்கையில் அதை இட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விட்டான். மணிபல்லவத்தை இன்றைய நயினாதீவு என்று கொள்வோர் உண்டு. பனாட்டு உலர்த்தும் மண்ணுக்குப் பக்கத்துத் தீவு.

ஆபுத்திரனைப் போல எல்லோரும் சாக வேண்டுமா, தனியே வாழ்கிறவர் ஒரு பாட்டில் ஊறுகாய் போட்டு வைத்துக்கொள்வது பாவமா என்று கேட்டால், இல்லை. ஒரே ஒரு வேலைக்கென்று கொடுக்கப்பட்ட பாத்திரம் அவனுடையது. வீட்டு ஜாடியில் வைத்தவரின் பங்கும் உண்டு. இல்லறத்தான் பேண வேண்டியவர்களின் வரிசையில் வள்ளுவர் தன்னையும் சேர்த்துத்தானே எண்ணினார்? எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் இங்கே நல்ல உதாரணமாகப் படுகிறது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். துளித் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதம் இனிப்பாலேயே கெடாமல் நிற்கும் வெப்பநாட்டுப் பழப்பாகுதான். அது கெடாமல் இருப்பதன் பயன் யாருக்கு? மலையேற முடியாமல் ஊரில் இருந்துவிட்ட கிழவிக்கும், எதிர்வீட்டுக் குழந்தைக்கும். ஊர் திரும்பியவர் அதை யாருக்கும் கொடுக்காமல் தின்று தீர்த்தால் முகம் சுளிக்காத தெரு இல்லை. காசு கொடுத்து டப்பாவில் வாங்கியதுதானே என்பவர்களுக்கு: வாங்கியதால் அது வாங்கியவருடையது என்று அந்தத் தெருவில் ஒருவரும் நினைப்பதில்லை.

இந்த வாதம் முழுவதும் மனிதர்களுக்குள்ளேயே சுற்றுகிறது என்று ஒரு சமணர் சொன்னால் அதை எளிதில் மறுக்க முடியாது. விலக்க வேண்டிய உணவுகளில் ஊறுகாயை அவர்களுடைய நூல்கள் சேர்த்ததற்குக் காரணம், எடுத்து வைத்ததில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும், உண்பவன் அவற்றைக் கொல்கிறான் என்பது. நுண்ணோக்கி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஜாடிக்குள் உயிரைக் கண்டார்கள். நன்றாகக் காய்ச்சிய பாகில் அவை பெருகுவதில்லை என்று பதில் சொல்லலாம். காய்ச்சும்போதே செத்தவற்றை அந்தப் பதில் மறைத்துவிடுகிறது. சமைக்கிற எந்த அடுப்புக்கும் உரிய குறை இது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தேவைக்கு மிஞ்சிக் காய்ச்ச வேண்டாம் என்ற அளவு மட்டும் இதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் மரத்தடியில் அழுகும் பழத்திலும் உயிர்கள் பெருகி மடிகின்றன என்பதால் கைகட்டி நிற்பதும் தீர்வாகாது.

அந்த அளவை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நபிகள் நாயகம் ஒருமுறை தடுத்தார். அடுத்து வந்த காலத்தில், கொழுப்பை உருக்கி வைக்கும் பழக்கம் உள்ள மக்கள் தயங்கி நின்றபோது, தடுத்த காரணத்தை அவரே விளக்கினார்: அப்போது வறியவர்கள் கூட்டமாக ஊருக்குள் வந்திருந்தார்கள். இப்போது உண்ணலாம், எடுத்து வைக்கலாம், தர்மமும் செய்யலாம் என்று மூன்றையும் சேர்த்தே அனுமதித்தார். இறைச்சியின் ஆயுள் அந்த இரண்டு முறையும் ஒன்றுதான். வாசலில் வந்து நின்றவர்களின் எண்ணிக்கைதான் மாறியிருந்தது, விதியும் அதைப் பார்த்தே மாறியது.