கண்டவர் சொல்லும் அறிந்தவர் சொல்லும்

ஒன்றைக் கண்ணால் கண்டுவிட்டதாலேயே அதனை அறிந்துவிட்டதாகக் கூறும் உரிமை நமக்கு வந்துவிடுமா? "என் கண்ணாலேயே பார்த்தேன்" என்ற ஒரு சொல்லால் முறிந்துபோன உறவுகள் எத்தனை! சூரியனை ஆராய்ந்தோரின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தருகிறது.

சூரியனில் பெருவெடிப்பு நேரும்போது, அதன் வளிமண்டலத்தின் கீழடுக்கில் வில் போன்றதொரு கோடு விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதுண்டு. கலிபோர்னியாவில் கெயில் மோர்ட்டன் என்னும் ஆய்வாளர் 1960ஆம் ஆண்டையொட்டி அதனைப் படம்பிடித்துக் காட்டினார். அடர்ந்த அவ்வடுக்கில் ஓர் அலை அத்துணை வேகத்தில் நெடுந்தொலைவு செல்லுதல் அரிது. உண்மையான அலை மேலே, கொரோனா என்னும் வெளியடுக்கில் விரைகிறது. கீழே தெரிவது அது அழுத்திச் சென்ற தடமே என 1968இல் ஜப்பானிய அறிஞர் உச்சிடா விளக்கினார். கண்டது பொய்யன்று, ஆயினும் கண்டது முழுமையும் அன்று.

1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், 1997 மே 12 அன்று கொரோனாவிலேயே ஓர் ஒளிவட்டம் விரிவதைக் காட்டியது. தேடிய அலை இதுவே என்றனர் சிலர். வேறு சிலர் தயங்கினர். இதன் வேகம் மோர்ட்டன் கண்டதைவிட மிகக் குறைவு. வெடிப்பில் வீசியெறியப்படும் வாயு முகில் விரிவதே மேலிருந்து நோக்குவார்க்கு அலைபோல் தோன்றலாம் அன்றோ? ஒரே திசையிலிருந்து எடுத்த படங்களால் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வழக்குத் தீரவில்லை.

2006இல் ஸ்டீரியோ என்னும் இரட்டை விண்கலங்கள் புறப்பட்டன. 2009 பிப்ரவரியில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தபோது அவை ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நின்றன. ஒன்று நேராகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் அதே காட்சியைக் கண்டன. முகிலின் எல்லையைக் கடந்தும், விநாடிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் அலை ஓடியது புலனாயிற்று. முகில் தள்ளுவதால் எழும் ஒளிர்வும், அதற்கு முன்னே விரையும் அலையும் ஒருங்கே தோன்றுவதுண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஐயுற்றோர் பக்கமும் ஓரளவு உண்மை இருந்தது.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நெருப்புக் கோளத்தைப் பற்றித் தீர்ப்புரைக்க, மறுபக்கச் சாட்சி வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். அவசரப்பட்டிருந்தால் சூரியனுக்கு யாதொரு கேடும் நேர்ந்திராது. ஆனால் மனிதனின் மானம் அத்தகையதன்று. அண்டை வீட்டானைப் பற்றி ஒரு பக்கத்திலிருந்து கண்டதைக் கொண்டு ஒரு நாழிகையில் தீர்ப்பளித்துவிடுகிறோம். கண்டதைக் கண்ட அளவே சொல்வதும், மறுபக்கம் நின்றவரையும் கேட்பதும் அறிவியலுக்கு மட்டும் உரிய ஒழுக்கமா?