காவலா, துணையா?

நேசிப்பவரைக் காப்பது அன்பின் இயல்பு. ஆனால் காப்பது எந்த இடத்தில் காவலாக மாறுகிறது? நோயுற்ற கணவரோடோ மனைவியோடோ வாழ்பவர் எவரும் ஒருநாள் இக்கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். உடலுக்குள் டீஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டவரின் இல்லத்தில் அது இன்னும் கூர்மை அடைகிறது.

மருத்துவர்கள் ஐ.சி.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இக்கருவி, பெரும்பாலும் இடது காறை எலும்பின் கீழே, தோலுக்கு அடியில் வைக்கப்படுகிறது. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இரத்தநாளத்தின் வழியே இதயத்தைச் சென்றடைகிறது. இதயத்தின் கீழறைகள் கட்டுக்கடங்காமல் துடிக்கத் தொடங்கினால், கருவி முதலில் மெல்லிய தூண்டுதல்களால் அதைச் சீராக்க முயலும். முடியாதபோது மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கும். மார்பில் உதை விழுந்தாற்போல் இருக்கும் என்று அனுபவித்தவர்கள் கூறுகிறார்கள். அது எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. வராமலே பல ஆண்டுகள் கழியவும் கூடும்.

இக்கருவி பிறந்த வரலாறே சிந்தனைக்குரியது. 1966-ஆம் ஆண்டு இஸ்ரேலில் ஹாரி ஹெல்லர் என்ற மருத்துவப் பேராசிரியர் இத்தகைய துடிப்புக் கோளாறால் திடீரென மறைந்தார். அவரிடம் பணியாற்றிய மிஷெல் மிரோவ்ஸ்கியை ஓர் எண்ணம் விடாமல் தொடர்ந்தது. அவரைக் காப்பதற்கு ஆயுள் முழுவதும் மருத்துவமனையில் வைத்திருந்திருக்க வேண்டும். ஆனால் அது வாழ்வாகுமா? மனிதரை மருத்துவமனைக்குள் வைப்பதற்குப் பதிலாக, மருத்துவமனையின் கருவியை மனிதருக்குள் வைத்தால் என்ன? அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. ஆயினும் மார்ட்டன் மோவருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். 1980 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், முதல் கருவி ஒரு பெண்மணிக்குப் பொருத்தப்பட்டது.

ஆக, மனிதர் வீடு திரும்பி வாழ வேண்டும் என்பதே இக்கருவியின் நோக்கம். வீடே மருத்துவமனையாக மாறிவிட்டால் அந்த நோக்கம் தோற்றுப்போகிறது.

பெங்களூரு ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்தில், ஐ.சி.டி. பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் ஒரு குடும்பத்தலைவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். சிறிய வீடு, நெருக்கமான தெரு. மனைவியின் கண்கள் அவரை விட்டு அகல்வதில்லை. கடைக்குத் தனியே போக வேண்டாம். கதவைத் தாழிட்டுக் குளிக்க வேண்டாம். பேரக் குழந்தையைத் தூக்க வேண்டாம். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தபடி விழித்திருக்கிறாள். இவை அனைத்தும் அன்பிலிருந்தே பிறக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் சில மாதங்களில் அவர் தம்மைக் கணவராக உணர்வதில்லை, நோயாளியாகவே உணர்கிறார். அவளும் மனைவியாக இருப்பதை மறந்து செவிலியாகிவிடுகிறாள்.

மகாபாரதத்தின் வனபருவம் இவ்விடத்தில் வழிகாட்டுகிறது. சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று நாரதர் உரைத்த பின்னும் சாவித்திரி அவனையே மணந்தாள். நாட்களை மனத்துக்குள் எண்ணியவாறே இல்லறம் நடத்தினாள். தன் துயரத்தை அவன்மீது சுமத்தவில்லை. குறித்த நாளில் சத்தியவான் கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் புறப்பட்டான். அவள் தடுக்கவில்லை. மாமனார், மாமியாரின் அனுமதி பெற்று அவனுடன் நடந்தாள். காரடையான் நோன்பு நூற்கும் நம் இல்லங்கள் அவள் யமனிடம் பெற்ற வரத்தைப் போற்றுகின்றன. அதற்கு முந்தைய ஓராண்டும் அதே அளவு போற்றத்தக்கது. அவள் காவலாக நிற்கவில்லை, துணையாகச் சென்றாள்.

அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா? வேண்டும். எச்சரிக்கை அறிவிலிருந்து வர வேண்டும், அச்சத்திலிருந்து அன்று. கருவி பொருத்திய முதல் சில வாரங்கள் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. செல்போனை மார்புப் பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நிற்க வேண்டும். அதிர்ச்சிக்குப் பின் மருத்துவர் சொல்லும் காலம் வரை வண்டி ஓட்டக் கூடாது. அது சாலையில் செல்லும் பிறருக்கும் செய்யும் கடமை. ஒருமுறை அதிர்ச்சி வந்து உடல் நலமாக இருந்தால் மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். அடுத்தடுத்து வந்தாலோ உடல் தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்து மூச்சும் நின்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். அதிர்ச்சியின்போது தொட்டிருப்பவருக்கு லேசான சிலிர்ப்பு தோன்றலாமே தவிரத் தீங்கு நேராது. இது தெரிந்த பாட்டி, பேரக் குழந்தையைத் தாத்தாவின் மடியிலிருந்து பறிக்க மாட்டாள். ஒரு கட்டுப்பாடு மருத்துவரின் சொல்லிலிருந்து வருகிறதா, தன் பயத்திலிருந்து வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பதே விவேகம்.

துணைவரின் மனமும் ஆறுதலை நாடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிந்தியா டஹர்ட்டி நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. நோயாளிக்கு மட்டும் பயிற்சி அளிப்பதைவிட, துணைவரையும் சேர்த்துக்கொள்வது இருவருக்குமே அதிகம் பயன் தருவதை அது காட்டியது. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது மனைவியும் உள்ளே சென்று அமர்ந்து தன் ஐயங்களைக் கேட்பது சிறந்த தொண்டு.

பேசத் தயங்கும் ஒன்றும் உண்டு. வேறொரு நோயால் வாழ்வின் இறுதி நெருங்கும்போது, ஓயாத அதிர்ச்சிகள் அமைதியைக் குலைக்கக் கூடும். அப்போது அதிர்ச்சி தரும் செயலை மட்டும் வலியின்றி, அறுவை சிகிச்சையின்றி நிறுத்திவிட முடியும். அது கொலையாகாது, உடலை அதன் இயல்பான முடிவுக்கு விடுவதே ஆகும். இதைப் பற்றி இருவரும் நலமாக இருக்கும் நாளில் பேசி முடிவு செய்தால், துயர நேரத்தில் அச்சுமை ஒருவர் தலைமேல் மட்டும் விழாது.

கருவி துடிப்பைக் கவனித்துக்கொள்ளட்டும். அதற்காகவே அது உள்ளே இருக்கிறது. மனிதரைக் கவனிப்பது துணைவரின் பணி. மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருக்கும் இரவைவிட, மாலையில் இருவரும் சேர்ந்து நடந்து வரும் அரைமணி நேரம் அன்புக்கு நெருக்கமானது.