கைத்தையலும் பொறுமையும்

தையற்பொறி ஒரு நாழிகையில் முடிக்கும் மேசைவிரிப்பை ஒரு திங்களிருந்து கையால் தைத்தல் காலத்தை வீணாக்குதலன்றோ எனச் சிலர் வினவுவர். இதனை ஆராய்வாம்.

வங்கநாட்டு மகளிர் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையினின்று உருவிய நூலாலேயே சிறுசிறு தையலிட்டுக் 'காந்தா' என்னும் போர்வை செய்து வந்தனர். கந்தையென எறியற்பாலது அவர் கையிற் குழந்தைக்குப் போர்வையாயிற்று. பொறி துணியை முடிக்கும், பொறுமையைத் தாராது. பிறர் காணாத உட்புறத்துக் கோணற்றையலையும் பிரித்து மீளத் தைப்பவர், காண்பாரின்றியும் செம்மை பேணப் பயில்கின்றனர். மாணாக்கரின் ஏடு திருத்தும் நமக்கும் இப்பயிற்சி வேண்டுவதே.

ஆயினும் ஒன்று சிந்திக்கற்பாலது. பொழுதுபோக்காகத் தைப்பவர் சலித்தவிடத்து ஊசியை வைத்துவிடலாம். கல்முனையை அடுத்த மருதமுனையிலே தறியிலிருக்கும் நெசவாளர்க்கு அவ்வாறு இயலாது; அவர் பொறுமை குடும்பத்தின்பொருட்டு. ஆதலின் முன்னையதைப் பெரிதெனப் புகழ்ந்து பின்னையதை மறத்தல் நீதியன்று. தாம் நெய்த உடையை அடியார்க்கு ஈந்த நேசநாயனாரை நாயன்மாருள் வைத்துப் போற்றும் நாம் இதனை மறத்தல் சிறிதும் தகாது.

ஒரு முழத் தையலின் அருமையைத் தம் விரலால் அறிந்தவர், நெசவாளரிடம் விலை குறைத்துப் பேச நாணுதல் வேண்டும். கைத்தையலின் பயன் அந்நாணமேயாம். ஆசிரியன்மார் ஊசியோடு இதனையும் மாணாக்கர்க்கு அளிப்பாராக.