காக்கையின் பெயரில் ஒரு பற்று

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். பழம் நன்றாகக் கனிந்து, எந்த நிமிஷமும் விழலாம் என்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பழம் விழுந்தது. வடமொழியில் இதற்குக் 'காகதாலீய நியாயம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பழத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் காக்கை என்ன ஆச்சு என்று யாராவது கேட்டோமா?

நான் ஒரு காக்கையைத் தண்டித்திருக்கிறேன். அதுவும் பனைமரங்களுக்குப் பஞ்சமே இல்லாத உவரியில்.

என்னிடம் அப்பாவின் புல்லட் இருக்கிறது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் எழுபதுகளில் தயாரானது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய பையன்களிடம் ஓட்டக் கொடுத்தால் முழிப்பார்கள். சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லையிலிருந்து நாங்குநேரி, திசையன்விளை வழியாக உவரிக்கு அதில் போனேன். சுயம்புலிங்க சுவாமி கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் எடுத்துத் தலையில் சுமந்து வந்து கொட்டுவது அங்கே ஒரு வேண்டுதல். அதைப் பார்த்தபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேன் திரும்ப வழி வேண்டும் என்றார்கள். எழுந்து போகச் சோம்பல். கடையில் வேலை பார்த்த பையனிடம், "தம்பி, அந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திடுப்பா" என்றேன். இருபது வயது இருக்கும். நூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் சைடு ஸ்டாண்டு போட்டான். போட்ட இடம் மணல். ஸ்டாண்டு மெதுவாக இறங்கியது. அவன் நாலடி நகர்வதற்குள் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

தூக்கி நிறுத்தினோம். இடது ஃபுட்ரெஸ்ட் வளைந்திருந்தது. கார்புரேட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் சிந்தியிருந்தது. அது பரவாயில்லை, சாய்ந்தால் சிந்தும். ஆனால் பத்து நிமிஷத்தில் எஞ்சினுக்குக் கீழே வெள்ளை மணலில் கறுப்பாக ஒரு வட்டம். ஆயில்!

எனக்கு வந்ததே கோபம். இருபது பேர் பார்க்க, "ஒரு வண்டியை நிறுத்தத் தெரியாதா? எஞ்சினையே உடைச்சிட்டியே!" என்று கத்தினேன். கடைக்காரர் என்னைச் சமாதானப்படுத்த, அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி ஐந்நூறு ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தோணியார் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு மெக்கானிக் இருந்தார். மீன்பிடிப் படகு எஞ்சினும் பார்ப்பார், பைக்கும் பார்ப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது இது: "வண்டி எந்தப் பக்கம் விழுந்துச்சி?"

"இடப்பக்கம்."

"ஆயில் வலப்பக்கம்லா வருது!"

அப்புறம் அவர் செய்ததை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் சொட்டும் இடத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆயில் மேலே எங்கேயோ கசிந்து, வழிந்து, காற்றில் பின்னால் பறந்து, கடைசியில் எங்கிருந்தோ சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினார். குட்டம் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது வெள்ளைப் பூச்சில் ஈரம் கோடு போட்டிருந்தது. கோட்டின் மேல் முனையைத் தேடினார். வலப்பக்க டைமிங் கவரின் விளிம்பு.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. "பேக்கிங் ஏன் ஆயிலை விடுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு ப்ரீதர் குழாயைக் கழற்றினார். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் எஞ்சினின் அடிவயிற்றில் காற்று அழுந்தும். அந்தக் காற்று வெளியேறத்தான் ப்ரீதர். அதன் நுனியிலிருந்த சின்ன ரப்பர் வால்வு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், கிடைத்த இடுக்கு வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது.

"இது இன்னைக்கு வந்ததில்ல, அண்ணாச்சி. துடைக்கும்போது பாத்தேன், ஆயில்ல தூசி படிஞ்சி களியா அப்பிக் கெடக்கு. மாசக்கணக்கா ஆவும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வீட்டுல வண்டி நிக்கிற எடத்துல அட்டை போட்டு வச்சிருக்கீயளோ?"

நான் பதில் சொல்லவில்லை. வைத்திருக்கிறேன். போர்டிகோ டைல்ஸ் கறையாகக் கூடாது என்று ஒரு வருஷமாக அட்டைப்பெட்டியைக் கிழித்து வண்டிக்குக் கீழே போடுகிறேன். அட்டை ஊறிப்போனால் மாற்றுவேன். ஆயில் குறைந்தால் ஊற்றுவேன். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்வேன். மணலில் அட்டை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் நான் தனி ஆள் இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். காரணம், ராக்கெட்டின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். விசாரணைக் குழுவிலிருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, குளிரில் அது விறைத்துப்போவதை எல்லோர் முன்னும் காட்டினார். அன்று காலைக் குளிர்தான் எமன் என்பது நிஜம். ஆனால் அந்த வளையங்கள் அரிக்கப்படுவதை முந்தைய பயணங்களிலேயே பார்த்திருந்தார்கள். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று பழகிவிட்டார்கள். அங்கேயும் ஒரு அட்டை போட்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். கணக்கில் பாலபாடம் ஒன்று உண்டு. புதுக் குமாஸ்தா பொறுப்பேற்கும் நாளில், ஆரம்ப இருப்பை முதலில் எழுத வேண்டும். போன வருஷத்துப் பாக்கியை இன்று வந்தவன் பெயரில் பற்று எழுதக் கூடாது. எழுதினால் அதற்குப் பெயர் தவறு இல்லை, மோசடி.

ஆனால் வாழ்க்கையில் இதைத்தான் செய்கிறோம், இல்லையா? பல வருஷமாகப் பேச்சுவார்த்தை குறைந்துபோன வீட்டில், பிளவுக்குக் காரணம் புதிதாக வந்த மருமகள். கடைசியாகத் தொட்டவன் கைக்கு விலங்கு. அவன் கண்ணெதிரே நிற்கிறான், சுலபமாகக் கிடைக்கிறான். பழைய கசிவைத் தேடப் போனால் அது நம் வீட்டு போர்டிகோவில் போய் முடிந்துவிடுமோ என்று பயம்.

அதற்காகப் பையன் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபுட்ரெஸ்ட் வளைந்தது விழுந்ததால்தான். மெக்கானிக் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நிமிர்த்தி, அதற்குக் காசே வாங்கவில்லை. மணலில் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கல் வை என்று வண்டிக்காரன் நான் சொன்னேனா? ஆக, அந்தப் பற்றிலும் பாதி என்னுடையது.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். பையன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். ஓரமாகக் கூப்பிட்டு, ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்து, "தப்பு உன் மேல இல்ல தம்பி, வண்டி முன்னாடியே கசிஞ்சிருக்கு. மன்னிச்சுக்கப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்ட திருப்தி எனக்கு.

அவன் பணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"காலைல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தம் போட்டீயளே சார். இதை மட்டும் ஏன் காதுல சொல்லுதீய?"

கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காலையில் பார்த்த முகங்கள் சில. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்டை விஷயம் உட்பட, முழுவதையும் சத்தமாகச் சொன்னேன்.

எழுபது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டியதைவிட அந்த ஒரு நிமிஷம் சிரமமாக இருந்தது.