உஸாமா (ரலி) அவர்களின் வருத்தம்



உஹதில் குறைஷிப் பெண்கள் தஃப் அடித்துப் பாடித்தான் தங்கள் ஆண்களைப் போருக்கு உசுப்பினார்கள். அந்தப் பாட்டில் வீரம் இருந்தது. அன்று சிதைக்கப்பட்ட ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் அதில் இல்லை. இன்று குண்டு விழும் காட்சிக்குப் பாட்டுச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைக்கும் நம் பிள்ளைகளுக்கும் உடல்கள் தெரிவதில்லை. (இசை பற்றிய மார்க்கச் சட்டம் இன்றைய பேச்சு அல்ல.)

முதல் உலகப்போரில் சிப்பாயாக இருந்த ஜெர்மானியர் ரெமார்க், 1929ல் ஒரு நாவல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. அதில் ஒரு ஜெர்மன் வாலிபன், குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கும்போது தன்மேல் வந்து விழும் பிரெஞ்சு வீரனைக் குத்திவிடுகிறான். அவர் உடனே சாகவில்லை. குத்தியவனே தண்ணீர் கொடுக்கிறான், காயத்தைக் கட்டுகிறான். இறந்தபின் பர்ஸைத் திறந்தால் மனைவி, மகள் படங்கள்! மையித்திடம் மன்னிப்புக் கேட்கிறான். ஆனால் தோழர்களிடம் திரும்பியதும், போர் என்றால் அப்படித்தான் என்று மனம் ஆறிவிடுகிறது. அந்தச் சாவைவிட இந்த ஆறுதல்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்கு மனம் ஆறவில்லை. களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, ஆயுதத்துக்குப் பயந்து சொன்னதாக எண்ணிக் கொன்றுவிட்டார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்றுதான் நான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கினார்கள் (முஸ்லிம்). பல ஆண்டுகளுக்குப் பின் முஸ்லிம்களுக்குள்ளேயே போர் மூண்டது. அலி (ரலி) அவர்கள்மீது அத்தனை நேசம் இருந்தும் உஸாமா (ரலி) அதில் சேராமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்த வருத்தத்தில் ஒரு துளியை அல்லாஹ் நமக்கும் தருவானாக. ஆமீன்.