உனக்கு நீயே அரைப்பேர் போடாதே!

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் லயத்து வாசலில் ஒரு விசாரணை தொடங்கும். "உயர்தரத்துக்கு என்ன பிரிவு எடுக்கப் போற?" பிள்ளை வாய் திறக்குமுன்னே பதிலையும் யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். "பயோ எல்லாம் நமக்குச் சரிவராது. டவுன் பிள்ளைகளுக்கே கஷ்டமாம். ஆர்ட்ஸ் செஞ்சிட்டு ஒரு வேலையைப் பாரு."

பசறையில் இதே பேச்சு. லுணுகலையில் இதே பேச்சு. மடுல்சீமையில், ஹாலிஎலையில், ஹப்புத்தளையில் இதே பேச்சு. கலைப்பிரிவில் எந்தக் குறையும் இல்லை. விரும்பி எடுக்கிறவர் அதில் பேராசிரியராகலாம், சட்டத்தரணியாகலாம். ஆனால் உயிரியலை விரும்பிய பிள்ளை பயத்தினால் வேறெதையோ எடுத்தால், அந்தத் தெரிவைச் செய்தது பிள்ளை அல்ல, பயம். தங்கச்சி, தம்பி, அந்தப் பயத்தைத்தான் இன்று நேருக்கு நேர் பார்க்கப் போகிறோம்.

அரைப்பேர் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்க மலையேறி இறங்கியும் கொழுந்து நிறுவை குறைந்தால் அம்மாவின் பெயருக்கு நேரே பாதிச் சம்பளம். அதைப் போடுகிறவர் வேறொருவர். எதிர்த்துக் கேட்கத் தொழிற்சங்கம் இருக்கிறது. ஆனால், புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று பதினாறு வயதில் நீ உனக்கே ஓர் அரைப்பேர் போட்டுக்கொள்கிறாயே, அதை எதிர்த்துக் கேட்க எந்தச் சங்கமும் வராது. நீதான் கேட்க வேண்டும். இன்றே கேள்!

விதிகளை வாசி

பயம் பெரும்பாலும் தெரியாததைப் பற்றியது. ஆகவே முதலில் தெரிந்துகொள். உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு உன்னிடம் என்ன கேட்கிறது?

மூன்று பாடங்கள். உயிரியல், இரசாயனவியல், அவற்றோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். மருத்துவம்தான் உன் இலக்கு என்றால் பௌதிகவியலைத் தவிர்க்க முடியாது. உயிரியலுக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. இரண்டாவதில் 3 மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் 4க்கும் விடை எழுத வேண்டும், கட்டுரை வினாக்கள் 6இல் 4ஐத் தெரிய வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம்.

பிறகு, எல்லோரையும் கலங்க வைக்கும் இசட் புள்ளி. 2001 முதல் அனுமதி இதன்படிதான். நீ எடுத்த புள்ளியை, அதே பாடத்தை நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரப்படும் கணக்கு அது. மூன்று பாடங்களுக்கும் அதில் சம எடை. உயிரியலில் உச்சத்தில் நின்று இரசாயனவியலைக் கைவிட்டால் மொத்தமும் சரியும். எந்தப் பாடம் உனக்குக் கசக்கிறதோ, விடியற்காலையில் எழுந்து படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

இவ்வளவுதான் விதிகள். கடினம், ஆனால் எல்லோருக்கும் ஒரே கடினம். இன்னொன்றையும் கவனி. உன் விடைத்தாளில் அப்பாவின் தொழில் இல்லை. தோட்டத்தின் பெயர் இல்லை. லயத்து இலக்கம் இல்லை. அங்கே இருப்பது உன் சுட்டெண்ணும் உன் விடையும் மாத்திரமே. வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத இந்தச் சமத்துவத்தை நீயாகவே விட்டுக்கொடுப்பாயா?

மடுல்சீமையில் தொடங்கிய பாடம்

"உயிரியல் எங்களுக்கு அந்நியமான பாடம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன்.

1869ஆம் ஆண்டு. மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆராய்ந்த பேர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். 1880இல் ஹரி மார்ஷல் வோட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து, காற்றில் பரவும் வித்திகள் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைவதைப் படிப்படியாக எடுத்துக்காட்டினார். அவர் பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். இன்றும் உலகெங்கும் தாவர நோயியல் படிக்கிறவர்கள் இலங்கைக் கோப்பியின் கதையைப் படிக்காமல் போவதில்லை. அந்தக் கதையின் முதல் பக்கம் உன் பதுளை மாவட்டத்தில் எழுதப்பட்டது!

கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து திரும்பிப் போகும் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். அதனால் நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு உன் பாட்டன் பூட்டனின் முகவரியையே மாற்றியிருக்கிறது. அந்தப் பங்கசைப் படிக்கும் பாடம் உனக்குரியதல்ல என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இன்னும் கேள். 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. அதுவும் ஒரு பங்கசுதான். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாட்களில் தளிரில் கொப்புளம் விழுவதை அம்மா கண்ணாலேயே அடையாளம் காண்பார். ஈரத்துக்கும் வித்தி முளைப்பதற்கும் என்ன தொடர்பு என்பதை நீ வகுப்பில் படிப்பாய். இலைகளைப் பிணைத்து உள்ளே இருந்து தின்னும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து சிறிய ஒட்டுண்ணிக் குளவியொன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். உயிரைக் கொண்டே உயிரைக் கட்டுப்படுத்துவதற்கு அது பேர்பெற்ற உதாரணம். யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தைக் கொழும்பு ஏலத்தில் காத்திருந்து வாங்குகிறார்கள். மெதைல் சலிசிலேற்று என்ற சேர்வை அந்த மணத்தில் முக்கியமானது. தாக்கத்துக்கு உள்ளாகும் தாவரங்கள் அதைச் சமிக்ஞையாக வெளியிடுவதுண்டு. தாவரங்கள் நெருக்கடிக்குத் துலங்குவது உன் பாடத்திட்டத்திலேயே வருகிறது. நகரத்துப் பிள்ளை படத்தில் பார்ப்பதை நீ வாசலில் நின்று பார்க்கிறாய். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவா நிலையம் பசறையில் இருக்கிறது. பாடசாலை மூலம் அனுமதி கேட்டுப் போய்ப் பார். கேட்கிறவருக்குத்தான் கதவு திறக்கும்.

நீ உனக்குப் போட வேண்டிய சட்டம்

பாடசாலை போடும் விதி குறைந்தபட்சம். நீ உனக்குப் போடும் விதி அதைவிடக் கடுமையாக இருக்கட்டும்.

முதலாவது, வரவு. 80 சதவீதம் என்பது பரீட்சைக்குப் போதும், உனக்குப் போதாது. மழை, மண்சரிவு, வராத பஸ் ஆகியவை உன் கையில் இல்லை. அவற்றுக்காக இழக்கப் போகும் நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே உன் கையில் இருக்கும் ஒரு நாளையும் இழக்காதே. போகாத நாளின் பாடத்தை மறுநாளே கேட்டு எழுது.

இரண்டாவது, செயன்முறை. நுணுக்குக்காட்டியில் நீயே பார். தெரிந்ததை நீயே வரை, நீயே பெயரிடு. பக்கத்து மேசைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் பதிவேடு நிறையும், தலை காலியாகவே இருக்கும். வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரு நுணுக்குக்காட்டிதானா? முறை வரும்வரை நில். முறை வராவிட்டால் இடைவேளையில் ஆசிரியரிடம் போய்க் கேள்.

மூன்றாவது, கடந்தகால வினாத்தாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய். பிறகு புள்ளியிடும் திட்டத்தை எடுத்து இரக்கமில்லாமல் திருத்து. உயிரியலில் புள்ளி சரியான கருத்துக்குக் கிடைக்கிறது, நிரப்பிய பக்கத்துக்கு அல்ல. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் டியூசன் எடுக்க வசதியிருந்தால் எடு. இல்லாவிட்டால் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல் தமிழில் இருக்கிறது. அதை வரிக்கு வரி படித்தவரைப் பரீட்சை எளிதில் வீழ்த்தாது.

நான்காவது, மொழி. தமிழில் விஞ்ஞானம் படிப்பது குறை என்று ஒருபோதும் நினைக்காதே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வைத்தியர்களை உருவாக்கிய மொழி உன்னுடையது. ஆனால் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான். ஆகவே இலைவாய், ஒளித்தொகுப்பு, நொதியம் என்று எழுதும்போதே பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகு. நாளைக்கு ஐந்து சொல் போதும். இரண்டு ஆண்டில் பயம் போய்விடும்.

சலுகையும் மரியாதையும்

பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. இதை எண்ணி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் சமமாகப் பங்கிடப்படாத நாட்டில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் உன் இலக்கை வெட்டுப்புள்ளியில் நிறுத்திக்கொள்ளாதே. அந்த 40 சதவீதத்தின் கதவில், "பதுளைப் பிள்ளை வரக்கூடாது" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சலுகை இல்லாமலும் ஏற முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் கேள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்கே கார்பீல்ட் என்ற உயர்பாடசாலை. ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் இடம். பொலிவியாவிலிருந்து போன ஜெய்மி எஸ்கலான்டே என்ற ஆசிரியர், அந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத் தரத்திலான நுண்கணிதம் கற்பித்தார். நேரத்துக்கு வா, வீட்டுவேலையை முடி, விடுமுறையிலும் படி என்று நெருக்கினார். 1982இல் பரீட்சை எழுதிய 18 பேரும் சித்தியடைந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் இப்படி எழுதியிருக்க முடியாது என்று சந்தேகம் எழுந்தது. 14 பேரின் விடைகள் கேள்விக்குள்ளாயின. அவர்களில் 12 பேர் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் மறுபடி சித்தியடைந்தார்கள்! அந்த ஆசிரியர் விதியைத் தளர்த்தி அவர்களைத் தூக்கிவிடவில்லை. விதிக்கு மேலே அவர்களை வளர்த்தார்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பாவம், தூரத்திலிருந்து வருகிற பிள்ளை" என்று செயன்முறையைத் தள்ளுபடி செய்யாதீர்கள். அந்தப் பாவம் பார்த்தல் பிள்ளையின் எதிர்காலத்தில் பாதியை எடுத்துவிடும். கண்டிப்பாக இருங்கள், கூடவே நில்லுங்கள். பெற்றோரே, பரீட்சை நெருங்கும் மாதங்களில் கடை வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். படிக்க ஒரு மூலையும் ஒரு விளக்கும் கொடுங்கள். தோட்டத்துக் கோயில் கமிட்டிகளே, பழைய மாணவர் சங்கங்களே, திருவிழாவுக்குக் காட்டும் ஒற்றுமையை ஆய்வுகூடத்துக்கும் காட்டுங்கள். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. ஆசிரியரையும் உபகரணத்தையும் கேட்டு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கதவைத் தட்டுங்கள். அது பிச்சையல்ல, வரி செலுத்தும் மக்களின் உரிமை.

மருத்துவம் மட்டுமா?

இசட் புள்ளி மருத்துவத்துக்கு எட்டவில்லையா? உலகம் முடிந்துவிடவில்லை. பேராதனையில் விலங்கு மருத்துவமும் விவசாயமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் இருக்கிறது. தாதியியல், மருந்தியல், உணவு விஞ்ஞானம் என்று வழிகள் நீளும். பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. கொழுந்தெடுத்தவரின் பிள்ளை தேயிலை விஞ்ஞானியாவதைவிட நியாயமான வாரிசுரிமை வேறு என்ன?

இது உன் ஒருத்தியின், உன் ஒருவனின் வெற்றிக்காக மட்டுமல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 பேர். போசாக்கு, குருதிச்சோகை, தாயின் உடல்நிலை, குடிநீர் எல்லாம் உயிரியல். இந்த எண்ணைக் குறைக்க வைத்தியர் வேண்டும், தாதி வேண்டும், போசாக்கு நிபுணர் வேண்டும், ஆய்வாளர் வேண்டும். நோயாளி தன் வலியைத் தன் மொழியில் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆட்கள் வேண்டும். இத்தனை காலம் பிறர் வந்து நம்மை அளந்து எழுதிவிட்டுப் போனார்கள். இனி அளக்கும் கோலும் எழுதும் பேனாவும் நம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.

தரம் 12இன் அனுமதிப் படிவத்தில் பாடப்பிரிவுக்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதை வேறு யாரும் நிரப்ப விடாதே. உயிரியல் உன் விருப்பம் என்றால் உன் கையெழுத்தில் அழுத்தமாக எழுது. எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு அந்த எழுத்துக்கு உண்மையாக உழை. உன் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் இன்று தூளியில் கிடக்கும் குழந்தைக்கு, நீ வைத்தியராகவோ விஞ்ஞானியாகவோ தேவைப்படுகிறாய். எழு. புத்தகத்தைத் திற!